எதிர்ச்சுற்று

“வாயு பிரிஞ்சுதா மிஸ்?” என்று டாக்டர் ப்ரீத்தி கேட்டதும் பெண்கள் வார்டு முழுவதும் பேச்சை நிறுத்தியது. ஜன்னலோரக் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் உரிப்பதை நிறுத்தினாள். தலைக்கு மேல் மின்விசிறிகூடக் காது கொடுத்துக் கேட்பதற்காகச் சற்று மெதுவாகச் சுற்றியதாகத் தோன்றியது.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு குடல் தூங்கிப்போய்விடுமாம். அது விழித்துக்கொண்டதற்கு வாயு பிரிவதுதான் அடையாளம். அதுவரை இட்லி கிடையாது, காப்பி கிடையாது. அறுவைச் சிகிச்சை முடிந்ததிலிருந்து காலையும் மாலையும் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டு வந்தது. காலையும் மாலையும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்து “இல்லை” என்று சொல்வதுகூட அதைப் பற்றிப் பேசியது போலாகிவிடும்.

ப்ரீத்தி என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். இரட்டைப் பின்னலும் மை ஒட்டிய விரல்களுமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளோடு நான் தேற்றங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன், வட்டங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இதைப் பற்றி எப்படிப் பேசுவது?

“ஆச்சு” என்றேன்.

ஆகவில்லை.

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் வகுப்பில் பொய்க்கு ஒரே தண்டனைதான். வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நிற்க வேண்டும், நான் கூப்பிடும்வரை. ப்ரீத்தி அங்கே நின்ற அளவுக்கு வேறு எந்தப் பெண்ணும் நின்றதில்லை. திரும்பி வரும்போது பூவரச இலையைச் சுருட்டிச் செய்த பீப்பீயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தண்டனை பெற்றவள் போலவே இல்லாமல் வருவாள்.

“சூப்பர் மிஸ்!” இப்போது அவள் என் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தாள். “கொஞ்சம் உப்பசமா இருக்கே?”

“நேத்தைக்கு இது தேவலை.” இரண்டாவது பொய், முதலாவதைவிட வழவழப்பாக வந்தது.

“சரி, இட்லி சாப்பிடலாம். மத்தியானம் குழைவா ரசம் சாதம். காரிடார்ல நடக்காதீங்க, தோட்டத்துக்குப் போங்க.” அவள் எல்லா நோயாளிகளின் தாளிலும் மருந்துகளுக்குக் கீழே ‘தோட்டம், காலை, மாலை’ என்று எழுதுவாள். மற்ற டாக்டர்கள் இதற்காக அவளைக் கேலி செய்வதாக நர்ஸ் ஆன்லின் சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் ஆன்லின் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். காப்பியின் மணம் நேராக வந்து என் நெற்றியைத் தொட்டது. வயிறோ நன்றாக இழுத்துக் கட்டிய மத்தளம் போல இருந்தது. கையை நீட்டினேன்.

என் கைக்கு முன்னால் இன்னொரு கை வந்தது. அடுத்த கட்டில் மார்கரெட். உவரிக்காரி, கருவாட்டு வியாபாரம், பித்தப்பையை எடுத்துவிட்டு என்னைவிட முன்னதாகவே நடமாடிக்கொண்டிருப்பவள். டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

“டீச்சர், எப்பம் பிரிஞ்சிது?”

“ராத்திரி.”

“ராத்திரி பூரா நான் முழிச்சித்தான் கெடந்தேன். உங்க கட்டில்லருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரல.”

“பாத்ரூம்ல.”

“பாத்ரூமுக்கு உங்களக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனது யாரு? எங்க அம்மையா?” இன்னொரு மடக்கு. “எங்க நாத்தனாவும் இப்பிடித்தான் வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லி முறுகலா தோசை தின்னா. பச்சை பச்சையா வாந்தி. மூக்குல குழாய் விட்டாவ. திரும்பவும் வயித்தத் திறந்தாவ.”

“ஐயோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன, இப்பம் மாமியாகூடச் சண்ட போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. ஆனா ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தாள்லா.”

அவள் இட்லியையும் எடுத்துக்கொண்டாள். வயிற்றின் மேல் கையை வைத்தேன். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட பின் வராந்தா இருப்பதைப் போன்ற அமைதி.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வைத்தி போன் செய்தார். “ஜயா, நீ சாப்பிடலாம்னு ப்ரீத்தி சொல்லிட்டாளாமே! நானே ரசம் வெக்கறேன். பருப்பு வெந்துண்டிருக்கு. பெருங்காயம் எங்கே இருக்கு?”

“அடுப்புக்கு மேல் தட்டுல, சேப்பு மூடி. ஏன்னா, அவசரமே இல்லை…”

“என்ன அவசரமில்லை? நீ சாப்பிடறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டுத்தான் வருவேன்.”

இத்தனை வருஷத்தில் அவர் வைக்கும் முதல் ரசம். அதைச் சாப்பிட்டால் மூக்கில் குழாய். சாப்பிடாவிட்டால், ஏன் என்று சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னால் பதறிப்போய் ப்ரீத்தியிடம் சொல்வார். ஜயலக்ஷ்மி மிஸ் பொய் சொன்னார் என்று ப்ரீத்திக்குத் தெரிந்துவிடும். எதற்காகச் சொன்னார் என்பதும் தெரிந்துவிடும்.

மார்கரெட் விரலை நக்கிக்கொண்டே என் முகத்தைப் படித்தாள். “டாக்டரம்மாகிட்ட உள்ளதச் சொல்லுதீயளா?”

“மாட்டேன்.”

“அப்பம் சொன்னத உள்ளதாக்கணும். ரசம் வாரதுக்குள்ள. எந்திரிங்க.”

நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தையலுக்குத் தாங்கலாகத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் முழுவதும் காரிடாரில் நடந்து பார்த்திருந்தேன். அங்கே சுவருக்குச் சுவர் சிறுநீரகப் படமும் கல்லீரல் படமும் மாட்டியிருக்கும். நடக்க நடக்க நானும் அப்படி ஒரு படம் என்ற எண்ணம்தான் வந்தது. யாராவது எதிரே வந்தால் அவர் என் வயிற்றைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். உடனே உள்ளே ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொள்ளும்.

அந்தக் கதவை எனக்கு நன்றாகத் தெரியும். காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணிவரை பாத்ரூம் போகாமல் இருந்த வருஷங்கள் எத்தனையோ. இருமலை அடக்குவேன், கொட்டாவியை அடக்குவேன், சிரிப்பு வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எதையும் அடக்கத் தெரிந்த உடம்புக்கு விடச் சொல்லிக் கொடுக்க யாருமில்லை.

தோட்டம் பழைய வார்டுக்குப் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு பெரிய வேம்பு. அதைச் சுற்றி வட்டமாகச் செங்கல் பாதை. நந்தியாவட்டை, செம்பருத்தி, யாரோ கிள்ளிக் கிள்ளி மொட்டையடித்த ஒரு மருதாணி. மதிலுக்கு அந்தப் பக்கம் பாளையங்கால்வாய். தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மதிலைத் தாண்டி வந்து பாதையெல்லாம் நடமாடிக்கொண்டிருந்தது.

நோயாளிகள் ஐந்தாறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வேம்புக்கு வலமாக. யாரும் அப்படி நடக்கச் சொல்லவில்லை, எந்த அம்புக்குறியும் இல்லை. எங்கள் ஊரில் நடுவில் ஒன்றை வைத்து வட்டப்பாதை போட்டால் கால் தானாக வலம்தான் போகும். நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன்.

மார்கரெட் இடமாகக் கிளம்பினாள்.

“இந்தப் பக்கம்” என்றேன்.

“அது கோயிலுக்குப் போறவியளுக்கு. எனக்கு எதுத்தாப்ல ஆளு மூஞ்சி தெரியணும். முதுகையே பாத்துக்கிட்டுப் போனா சவத்துக்குப் பொறத்தால போற மாதிரி இருக்கு.”

ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நாங்கள் சந்தித்தோம். முதல் சந்திப்பில் அவள் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். என்ன? நான் தலையை ஆட்டினேன். இல்லை. அடுத்த சந்திப்பில், “வாசல் வரைக்கும் வந்துட்டா?” என்றாள் பைய. நான் முறைத்தேன். அதற்கடுத்து, “டோக்கன் போட்டு உக்காந்திருக்கும் போல.” எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் சுருக்கென்றது. தலையணையை இறுக்கிக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, பிரிஞ்சுடும்” என்றேன்.

“அதுக்குத்தானே வந்திருக்கோம்!”

“தையலைச் சொன்னேன்!”

அவள் போய்விட்டாள். பின்னால் அவள் சிரிப்பு மட்டும் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒரு முகத்தை ஏற்பாடு செய்துகொண்டு நடந்தேன். அடுத்த வளைவில் அவள் வருவாள் என்று தெரியும். அது தெரிந்ததே சிரிப்பாக இருந்தது. அவள் வாயே திறக்காமல் வந்தால் இன்னும் மோசம். ஒருமுறை ஜபமாலையை உருட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தாள். என்னைக் கடக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். நான் ஒரு நந்தியாவட்டைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் நான் நைட்டியோடு செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளே ஒரு பள்ளிக்கூடமே சிரிக்கிறது.

அப்போதுதான் வாட்ச்மேன் எழுந்து வந்தார். சங்கிலிபூதத்தான் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இவ்வளவு நேரமும் குழாயடியில் நாற்காலி போட்டு என்னைக் கவனித்திருக்கிறார். தலையணைமேல் கைகளைச் சேர்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீரோடு வேம்பை வலம் வரும் ஒரு பெண். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்.

“பைய நடங்கம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “எத்தன சுத்து நேர்ந்திருக்கீய?”

நேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது கணக்கு டீச்சர்களின் நோய்.

“நூத்தியெட்டு” என்றேன்.

அன்றைய ஐந்தாவது பொய். அவர் கண் விரிந்தது. “வயித்துல தையலோடயா!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். துணி மூட்டைகளோடு வந்த தள்ளுவண்டி நின்றது. “வழி விடுங்க வே! அம்மா நேர்ச்ச சுத்துதாவ!”

அவ்வளவுதான். பாதையில் நடந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். ஒருத்தி செம்பருத்தி ஒன்றைப் பறித்து வேம்படியில் வைத்தாள். “என்ன வேண்டுதலோ, பாவம்” என்றாள் ஒருத்தி. “மக கல்யாணமா இருக்கும்.” “மொகத்தப் பாத்தா அதவிடப் பெருசா தெரியுது.” வாட்ச்மேன் எனக்கு இரண்டடி பின்னால் வெறுங்காலோடு, விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார்.

மார்கரெட் எதிரே வந்தாள். நிலைமையை ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டாள்.

“டீச்சர்” என்றாள் கிசுகிசுப்பாக, “ஊரே உங்களுக்காக வேண்டுது. என்னத்துக்குன்னுதான் ஊருக்குத் தெரியல.”

“போங்களேன் அந்தப் பக்கம்!”

“ஒத்தப் பொய்க்கு வந்தோம். இப்பம் ரெண்டாயிட்டு.”

“அஞ்சு” என்றேன். எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வெட்கப்பட வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். வெட்கம் அதன் வழக்கமான இடத்தில் இல்லை. வெயில் வேம்புக்குள் புகுந்து பாதையெல்லாம் காசு காசாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு கிளிக்கூட்டம் மேலே உட்கார்ந்து சண்டை போட்டது. கால்வாய் பக்கமிருந்து வந்த காற்று நைட்டியைக் கொடியில் காயும் துணியைப் போல அடித்தது. நடக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

மதிலின் மேல் ஒரு கொக்கு வந்து இறங்கியது. கழுத்தை முன்னால் நீட்டி, ஒரு காலை வைத்து, யோசித்து, அடுத்த காலை வைத்து, மதில் நெடுக நடந்தது. பரீட்சை ஹாலில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் நடப்பது அப்படியே அதுதான். கடைசி பெஞ்சில் சந்தேகம் வந்து சட்டென்று திரும்புவதுவரை. இதை உடனே மார்கரெட்டிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளுக்காக நடையைக் கூட்டினேன். வயிறு, வாயு, ரசம், ப்ரீத்தி எதுவும் நினைவில் இல்லை. ஒரு கொக்கும், அதைச் சொல்ல ஓர் ஆளும் போதுமானதாக இருந்தது.

அவள் வளைவில் வந்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

“அது கிடக்கட்டும்” என்றேன். “அந்தக் கொக்கைப் பாருங்க. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்!”

அவள் பார்த்தாள். கொக்கு அந்த நேரம் நின்று, ஒரு காலைத் தூக்கியபடி, எங்களை ஏற இறங்கப் பார்த்தது. இருவரும் ஒரே சமயத்தில் வெடித்தோம். வாயைப் பொத்த மறந்து, தலையை அண்ணாந்து, நான் சிரித்தேன்.

அப்போது அது நிகழ்ந்தது.

அது சிறியது அல்ல. அடக்கமானதும் அல்ல. கம்பீரமாகத் தொடங்கி, நடுவில் நின்று யோசித்து, மறுபடியும் தொடர்ந்து, கடைசியில் ஒரு கேள்வியைப் போல மேலே தூக்கி முடிந்தது. வேம்பிலிருந்து கிளிகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. அது தற்செயல் என்றே இன்றும் நம்புகிறேன்.

எனக்கு இரண்டடி பின்னால் சங்கிலிபூதத்தான் கூப்பிய கையோடு நின்றிருந்தார்.

“அந்தோனியாரே!” என்றாள் மார்கரெட். அப்படியே செங்கல் பாதையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குச் சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நான் திரும்பிப் பார்த்தேன். வாட்ச்மேன் மிகுந்த மரியாதையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வார்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டிய இடம் அது. என் கால் அசையவில்லை. அசைய விருப்பமும் இல்லை. உடம்பு லேசாகி, நடு வகுப்பில் மணி அடித்து விடுமுறை என்று அறிவித்தது போல ஒரு கும்மாளம் உள்ளங்காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“அம்மா” என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடியே. “வேண்டுனது…”

“கிடைச்சுட்டு அண்ணாச்சி.”

“அதானே. மொகத்தப் பாத்தாலே தெரியுதே.” அவருக்கு என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்று எனக்கு இதுவரை தெரியாது. “ஆனா பாதி சுத்துகூட ஆகலயே. கேட்டது கெடச்ச பொறகு பாக்கி வைக்கக் கூடாதுல்லா?”

“இனிமே முடியாது அண்ணாச்சி. காலு நடுங்குது.”

“நீங்க போய்ப் படுங்க. உடம்புக்கு முடியாதவிய நேர்ச்சைய வேற ஆளு முடிச்சிக் குடுக்கலாம். சாயங்காலம் நான் சுத்திருதேன்.”

மத்தியானம் வைத்தி தூக்குச்சட்டியோடு வந்தார். ரசத்தில் உப்பு இல்லை. பெருங்காயம் மட்டும் கோயில் திருவிழா அளவுக்கு இருந்தது. நான் வழித்துச் சாப்பிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்தார். “எப்படி இருக்கு?” என்றார். “நன்னா இருக்கு” என்றேன். இதை நான் பொய்க்கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த கட்டிலில் மார்கரெட் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ப்ரீத்தி ரவுண்ட்ஸ் வந்தாள். வார்டு மறுபடியும் அமைதியானது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் தொடங்கினேன்.

“ப்ரீத்தி, காலையில நான் சொன்னது பொய்.”

அவள் பேனாவை மூடினாள்.

“அப்போ ஆகலை. பதினோரு மணி வாக்குல தோட்டத்துல ஆச்சு. நன்னா ஆச்சு.” வார்டு முழுக்கக் கேட்கும்படி, கடைசி பெஞ்சுக்கும் எட்டும் என் வகுப்புக் குரலில் சொன்னேன்.

“அதுக்கு நான் சாட்சி!” என்றாள் மார்கரெட். “காலச் சாப்பாட்ட நாந்தான் தின்னேன்.”

ஆன்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ப்ரீத்தி சிரிக்கவில்லை. என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். அவள் முகம் மெல்லத் தளர்ந்தது.

“சாப்பிட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா மிஸ்? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?” குரல் கொஞ்சம் உடைந்தது.

“தப்புதான்.”

“பொய் சொன்னா என்ன தண்டனை? நீங்களே சொல்லுங்க.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயின் ஓரம் துடித்தது. “வெளியே.”

“வெளிய எங்க?”

“மரத்தடியில.”

“போங்க. நான் கூப்பிடறவரைக்கும் வரக் கூடாது.” ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகும்போது அவள் முகத்தில், பீப்பீயை ஒளித்துக்கொண்டு வகுப்புக்குள் வரும் பெண்ணின் அதே களை இருந்தது.

தலையணையை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் இறங்கியிருந்தது. தோட்டத்தில் யாருமில்லை, ஓர் ஆளைத் தவிர. சங்கிலிபூதத்தான் விசில் கழுத்தில் ஆட, செருப்பில்லாமல், விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வேம்பை வலம் வந்துகொண்டிருந்தார். என் பாக்கியை.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். நான் எந்த நேர்ச்சையும் நேரவே இல்ல. சும்மா வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.”

அவர் நிற்கவில்லை. “நேரலன்னா என்னம்மா? கெடச்சிட்டுல்லா? கெடச்சா குடுக்க வேண்டியதுதான்.” அடுத்த விரலை மடக்கினார். “எண்ணிக்கிட்டு இருக்கேன், பேச்சுக் குடுக்காதீய.”

நான் தலையணையை அணைத்துக்கொண்டு பாதையில் இறங்கினேன். கால் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. அதை நிறுத்தி, இடமாகத் திருப்பினேன். முதல் சில அடிகள் தண்ணீருக்கு எதிரே நடப்பது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வளைவில் அவர் எதிரே வந்தார், உதடு அசைய, எண்ணியபடி. நான் புருவத்தை உயர்த்தினேன். என்ன?

அவருக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.